கேமராவுக்கு வணக்கம் சொன்ன இன்ஸ்பெக்டர்

முதலில் என் கோட்டித்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட அதுதான் எனக்குக் கௌரவம். சுவரில் சும்மா இருக்கிற ஆணியைக் கண்டால் என் கை நிற்காது. நான் சிவகாசியில் காலண்டர் அச்சடிப்பவன். மற்றவர்கள் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் மனிதர்களைப் பார்ப்பார்கள், நான் ஆணியைப் பார்ப்பேன். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணைப் பார்த்தேனோ இல்லையோ, கூடத்துச் சுவரில் வேறொரு கம்பெனி காலண்டர் தொங்கியதைப் பார்த்தேன். அதைக் கழற்றிவிட்டு நம்முடையதை மாட்டத்தான் நான் சம்மதம் சொன்னேன் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இல்லை என்று நானும் இதுவரை சத்தியம் செய்யவில்லை.

இந்த ஆணிப் பைத்தியத்தால் ஒரு நாள் ஒரு மனிதனின் முதுகுத் தோல் உரியப் பார்த்தது. உரியாமல் காப்பாற்றியவர் ஒரு இன்ஸ்பெக்டர். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன், எந்த ஸ்டேஷன் என்றும் சொல்ல மாட்டேன். எனக்கு இன்னும் இந்த ஊரில்தான் பிழைப்பு. ஊர் அவருக்கு வைத்த பட்டப்பெயரை மட்டும் சொல்கிறேன்: மைலார்டு.

மைலார்டுக்கு இரண்டு தமிழ் உண்டு. ஒன்று எல்லாரும் பேசுகிற நம்ம பக்கத்துத் தமிழ். இன்னொன்று கேமராவுக்கு முன்னால் பேசுகிற தமிழ். காலையில் ஸ்டேஷனுக்குள் நுழைந்ததும், தொப்பியைக்கூடக் கழற்றாமல் சுவரில் இருக்கிற கேமராவைப் பார்த்துக் கும்பிடுவாராம். "வணக்கம். ஆய்வாளர் பணிக்கு வந்துவிட்டேன்." பிறகு பிடித்து வைத்திருக்கிற ஆளிடம் போய், "அன்பரே, சிற்றுண்டி அருந்தினீர்களா?" என்று கேட்பாராம். அன்பர் ஒரு சைக்கிள் திருடர். பிறந்ததிலிருந்து அவரை யாரும் அன்பரே என்று அழைத்ததில்லை. அழாத குறையாக ஆமாம் என்றிருக்கிறார். உடனே மைலார்டு இட்லிப் பொட்டலத்தின் இலையை வாங்கிக் கேமராவுக்கு நேரே விரித்துக் காட்டினாராம், சாப்பிட்டுக் காலி செய்துவிட்டார் என்பதற்குச் சாட்சியாக.

இதெல்லாம் எனக்கு அந்த ஸ்டேஷன் ஏட்டு சொன்னது. நானே கண்ணால் பார்த்தது கரண்ட் போன ஒரு மத்தியானம். ஸ்டேஷன் கேமராவுக்குப் பேட்டரி உண்டு. ஆனால் மைலார்டு பேட்டரியை நம்புகிறவர் இல்லை. கரண்ட் போன மறுநிமிடம் ஸ்டேஷனே வெளியே கிளம்பி வந்தது. முன்னால் மைலார்டு, பின்னால் ஏட்டு, அதற்குப் பின்னால் தண்ணியடித்துச் சண்டை போட்ட ஒருவர், அவரிடம் அடி வாங்கிப் புகார் கொடுக்க வந்த இன்னொருவர். எதிரே மொபைல் கடை வாசலில் ஒரு கேமரா துப்பாக்கி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். கடைக்காரர் இன்வெர்ட்டர் வைத்திருக்கிறார். அந்தக் கேமராவுக்கு எதிரே வேப்பமரத்தடியில் எல்லாரையும் குரூப் போட்டோ மாதிரி உட்கார வைத்து, அங்கேயே விசாரணை நடந்தது. புகார்க்காரரின் தலை மற்றவரை மறைக்கிறது என்று அவரைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னார் மைலார்டு. கரண்ட் வருவதற்குள் சண்டைக்காரர்கள் இருவரும் வெட்கப்பட்டு ராசியாகிவிட்டார்கள்.

என் அச்சகத்துக்கும் ஒரு தடவை வந்தார். பிடிக்கப்பட்டவருக்கு என்னென்ன உரிமை என்று ஸ்டேஷன் வாசலில் போர்டு வைக்க வேண்டுமாம். எதற்காகப் பிடித்தோம் என்று சொல்ல வேண்டும், வீட்டாருக்குத் தகவல் கொடுக்க வேண்டும், வக்கீலைப் பார்க்க விட வேண்டும், ஒரு நாளுக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். ஒவ்வொன்றையும் கோர்ட்டில் சாட்சி சொல்வது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். எங்கள் டிசைனர் அந்த வாரம் முழுக்கக் கல்யாண பேனராக அடித்துக்கொண்டிருந்தவர். பழைய டிசைனிலேயே வரிகளை மாற்றிவிட்டார், தலைப்பை மாற்ற மறந்துவிட்டார். போர்டு வந்தபோது இரண்டு பக்கமும் வாழைமரம், மேலே கொட்டை எழுத்தில் ‘நல்வரவு’, அதற்குக் கீழே ‘கைது செய்யப்படுபவரின் உரிமைகள்’. நான் நடுங்கிப்போய் வேறு அடித்துத் தருகிறேன் என்றேன். அவர் மோவாயைத் தடவிக்கொண்டு பார்த்தார்.

"இருக்கட்டும் அண்ணாச்சி. நாளைக்கு ஜட்ஜய்யா கேட்டா, மரியாதையாத்தான் கூப்புட்டோம்னு சொல்லலாம்."

நாளைக்கு ஜட்ஜய்யா கேட்டா. இதுதான் அவருடைய மந்திரம். கத்தரிக்காய் வாங்கும்போதும் அதேதான். சொத்தைக் காயை எடுத்துக் கடைக்காரம்மாவிடம் நீட்டி, இதை ஏன் போட்டாய் என்று நாளைக்கு ஜட்ஜய்யா கேட்டால் என்ன சொல்வாய் என்று கேட்பார். கேட்கட்டும், நானும் அவருக்குக் கால் கிலோ விற்றுவிடுகிறேன் என்றதாம் அந்த அம்மா.

இவர் எப்போதுமே இப்படி இல்லை. அந்தக் காலத்தில் அவர் கைக்குத்தான் பட்டப்பெயர் இருந்தது. அதை இங்கே எழுத முடியாது. வேறொரு ஸ்டேஷனில் இருந்தபோது, மல்லாங்கிணறு பக்கத்துக்காரர் ஒருவர் ஆடு காணோம் என்று புகார் கொடுக்க வந்திருக்கிறார். இவர் ஆட்டை விட்டுவிட்டு ஆட்டுக்காரரைப் பிடித்து வைத்துக்கொண்டார். வெளியே வந்த ஆட்டுக்காரருக்கு ஒரு கை தூக்க வரவில்லை. தூக்க வந்த மற்றக் கையால் வக்கீல் வைத்து, மதுரை ஹைகோர்ட்டில் மனு போட்டார்.

ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் கேமரா வேண்டும், படத்தோடு சத்தமும் பதிவாக வேண்டும், ஓடாவிட்டால் அங்கே இருக்கிற அதிகாரிதான் பொறுப்பு என்று டெல்லி சுப்ரீம் கோர்ட் சொல்லியிருந்த நேரம். ஜட்ஜ் பதிவைக் கேட்டார். இவர் விறைப்பாக நின்று, கேமரா ரிப்பேர் என்றார். எப்போதிலிருந்து என்று கேட்டார் ஜட்ஜ். கணக்குப் பார்த்தால் ஆட்டுக்காரர் உள்ளே வந்த அன்றிலிருந்து. எப்போது சரியானது? அவர் வெளியே போன அன்றைக்கு. ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அப்போ கேமராவைக் கெடுத்ததும் ஆட்டுக்காரர்தானா?" என்றாராம்.

கோர்ட் ஹாலே சிரித்துவிட்டது. டவாலி சிரித்தார், ஆட்டுக்காரரின் வக்கீல் சிரித்தார், அரசு வக்கீலும் கோப்புக்குள் முகத்தை விட்டுச் சிரித்தார். பட்டாசு ஆலை தீப்பிடித்தபோது வெடிமருந்து ரூமுக்குள் இறங்கி ஆட்களைத் தோளில் தூக்கி வந்த மனிதர் இவர். அந்தத் தைரியசாலிக்கு இந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. தண்டனையும் வந்தது, சம்பளத்தில் பிடித்து ஆட்டுக்காரருக்கு நஷ்ட ஈடும் போனது. அதையெல்லாம் மறந்துவிட்டேன் அண்ணாச்சி, அந்தச் சிரிப்புத்தான் தூங்க விட மாட்டேங்குது என்று என்னிடம் ஒரு முறை சொன்னார். அன்றிலிருந்து எந்தச் சுவரில் கேமராவைக் கண்டாலும் அதற்குப் பின்னால் அந்த ஜட்ஜ் கண்ணாடி துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

இனி என் ஆணிக்கு வருகிறேன்.

எங்கள் தெருவில் செல்வம் என்று ஒரு வேன் டிரைவர். காலையில் பட்டாசுக் கம்பெனிக்கு ஆட்களை ஏற்றிப்போய் இறக்குவான், சீசனில் லோடும் அடிப்பான். தீபாவளிக்கு முந்தைய நெருக்கடியில், அவன் ஓட்டுகிற கம்பெனியின் குடோனில் ஃபேன்ஸி வெடிப் பெட்டிகள் ஒரு அடுக்கு குறைந்தது. முதலாளி யோசிக்கவே இல்லை, செல்வம்தான் என்றார். காலையிலேயே ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். மைலார்டு அன்றைக்குத் திருவிழாப் பாதுகாப்புக்குப் போயிருந்தார். போகும்போது, நான் வருகிற வரைக்கும் அவன் மேல் ஈ உட்கார்ந்தாலும் கேமராவில் தெரியும் என்று ஏட்டிடம் சொல்லிவிட்டுப் போனாராம். ஏட்டு பழைய காலத்து ஆள். கை அரிப்பெடுத்தாலும் சுவரில் கேமரா இருந்ததால் அடக்கிக்கொண்டிருந்தார்.

மத்தியானம் செல்வத்தின் மனைவி பதறிப்போய் என்னிடம் வந்தாள். அவளும் பட்டாசுக் கம்பெனியில்தான் வேலை, விரலெல்லாம் அலுமினியப் பொடியின் வெள்ளி. கம்பெனி முதலாளி ஸ்டேஷனுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறார், பயமாயிருக்கிறது, நீங்கள் வந்து ஒரு வார்த்தை பேசுங்கள் என்றாள். நானும் பெரிய மனுசன் தோரணையில் கிளம்பினேன். வெறுங்கையோடு போகலாமா? வரப்போகிற வருசத்துக்கு அச்சடித்த மாதிரிக் காலண்டர் ஒன்றைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். முருகன் படம், பெரிய சைஸ்.

அதுவரை நான் ஸ்டேஷன் வாசற்படி தாண்டியதில்லை. உள்ளே முதலாளி நாற்காலியில். செல்வம் சுவரோரம் பெஞ்சில். வெளிறிப்போய் எதிர்ச் சுவரையே வெறித்துக்கொண்டிருந்தான். அந்தச் சுவரில், ஐயோ, ஒரு ஆணி. நல்ல உறுதியான பழைய ஆணி. அதற்குச் சற்றுக் கீழே கிண்ணத்தைக் கவிழ்த்தது போலக் கறுப்பாக என்னவோ ஒன்று. கேமரா என்றால் மொபைல் கடையில் இருப்பது போல நீளமாக இருக்கும் என்பதுதான் என் அறிவு. இது ஏதோ பழைய காலிங் பெல் என்று நினைத்துக்கொண்டேன். ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறிக் காலண்டரை மாட்டினேன். கொஞ்சம் புடைத்துக்கொண்டு நின்றது. முருகனுக்கு அண்ணன் மாதிரி தொந்தி விழுந்திருந்தது. சுவர் கோணல் போல என்று தட்டிவிட்டு, இறங்கி நின்று அழகு பார்த்தேன்.

செல்வம் பெஞ்சில் இருந்தபடியே, "அண்ணாச்சி, அதைக் களத்திருங்க," என்றான்.

"இருக்கட்டும் தம்பி, ஓசிதான்," என்றேன் நான்.

ஏட்டு முருகனைப் பார்த்தார், தொந்தியைப் பார்த்தார். முகத்தில் மெதுவாக ஒரு விடியல். முதலாளியும் பார்த்தார். முதலாளி என்னிடம் அவ்வளவு அன்பாகப் பேசி நான் கேட்டதில்லை. பிரமாதமான காலண்டர் அண்ணாச்சி, அடுத்த வருசம் நம்ம கம்பெனிக்கும் இதே டிசைனில் ஆர்டர் போட்டுருவோம் என்றார். வெளியே போய் ஒரு டீ சாப்பிட்டு வாருங்கள் என்று ஏட்டு தோளில் கை போட்டு வாசல் வரை கொண்டு வந்து விட்டார். வந்த காரியத்தை மறந்துவிட்டு, ஒரு ஆர்டர் பிடித்த சந்தோசத்தில் நான் டீக்கடைக்கு நடந்தேன்.

டீயை வாங்கி ஒரு வாய் குடிப்பதற்குள், வேப்பமரத்தடியில் நின்ற செல்வத்தின் மனைவி வந்து என்ன ஆச்சு என்றாள். நல்லபடியாகப் பேசிவிட்டேன் என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்கு அந்தக் கேமரா ஒண்ணுதான் அண்ணாச்சி தைரியம் என்றாள். உள்ளே கேமரா எதுவும் என் கண்ணில் படவில்லையே என்றேன் நான்.

"இருக்கு அண்ணாச்சி. காலையில நானே பாத்தேன். அங்கன ஆணிக்குக் கீழ, கறுப்பா, கிண்ணத்தைக் கமுத்துன மாதிரி."

வாயில் இருந்த டீ அப்படியே நின்றது. துப்பவும் வரவில்லை, விழுங்கவும் வரவில்லை. ஸ்டேஷனைத் திரும்பிப் பார்த்தேன். கதவைச் சாத்தியிருந்தார்கள். உள்ளே டிவியை யாரோ சத்தமாக வைத்தார்கள். சத்தமும் பதிவாகும் என்பதை ஏட்டு மறக்கவில்லை.

ஓடினேன். இந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு நான் ஓடியதை அன்றைக்குத் தெருவே நின்று பார்த்தது. கதவைத் தட்டினேன், திறக்கவில்லை. அந்த நேரம் ஜீப் வந்து நின்றது. இறங்கிய மைலார்டின் காலில் விழுந்தேன் என்று ஊரில் சொல்கிறார்கள். உண்மையில் செருப்பு தடுக்கித்தான் விழுந்தேன், ஆனால் விழுந்த இடம் சரியாக இருந்தது. கேமரா, முருகன், தொந்தி என்று மூன்று சொல் மட்டும் வாயில் வந்தது.

அவர் உதைத்த உதையில் கதவு திறந்தது. உள்ளே செல்வம் சட்டையில்லாமல் சுவரைப் பார்த்து நின்றான். ஏட்டு கையில் லத்தி. மைலார்டு வழக்கப்படி வணக்கம் சொல்லச் சுவரைப் பார்த்துக் கையைக் கூப்பினார். எதிரே முருகன். கூப்பிய கை அப்படியே இருக்க, ஒரு நிமிடம் அவர் முகம் கோர்ட்டில் நின்றவன் முகமாக ஆனது.

முதலாளி எழுந்து வந்து நயமாகச் சொன்னார், சாமியாப் பாத்துக் கண்ணை மூடிக்கிட்டாரு சார், ரெண்டு தட்டுல உண்மை வந்துரும், சீசன் நேரம், லோடு நிக்குது என்று. மைலார்டு டிவியை அணைத்தார். பூட்ஸ் காலோடு ஸ்டூலில் ஏறினார். காலண்டரை இரண்டு கையாலும் பக்தியோடு கழற்றி என்னிடம் நீட்டினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கேமராவைப் பார்த்து இரண்டாவது தமிழைத் தொடங்கினார்.

"வணக்கம். சற்று நேரம் தங்கள் பார்வை காலண்டரால் மறைக்கப்பட்டிருந்தது. மறைத்தவர் இதோ நிற்கும் அச்சகத்தார். அன்பரே, செல்வம் அவர்களே, தயவுசெய்து முன்னும் பின்னும் திரும்பி, தங்கள் உடம்பில் காயம் உண்டா என்று காட்டுங்கள்."

செல்வம் ஜவுளிக்கடை பொம்மை மாதிரி சுற்றிக் காட்டினான். கன்னத்தில் ஒரு அறையின் தடம் இருந்தது. அதை யார் தந்தது என்று மைலார்டு கேட்க, செல்வம் ஏட்டைப் பார்க்க, ஏட்டு தரையைப் பார்க்க, எல்லாம் பதிவானது. அடுத்து நான். தகப்பனார் பெயர் உட்படச் சொல்லி, ஆணியைக் கண்டால் என் கை நிற்காது என்று கேமரா முன்னால் வாக்குமூலம் கொடுத்தேன். பயத்தில் கூடவே அச்சகத்தின் பெயரையும் வேலை நேரத்தையும் சொல்லிவிட்டேன், ஞாயிறு விடுமுறை என்பது வரைக்கும். முதலாளி நைசாக வாசலுக்கு நகர்ந்தார். தாங்களும் திருமுகத்தைக் காட்டிவிட்டுச் செல்லலாம் என்றார் மைலார்டு. முதலாளி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு போனார்.

போனவர் சும்மா இருப்பாரா? கால் மணி நேரத்தில் மேலிடத்திலிருந்து போன். மைலார்டு போனை ஸ்பீக்கரில் போட்டுக் கேமராவுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். "ஐயா, தங்கள் உத்தரவைச் சற்று உரக்கச் சொல்லுங்கள். நாளைக்கு நீதியரசர் கேட்டால் தெளிவாக இருக்க வேண்டும்." மேலிடம் அந்தப் பக்கம் இரண்டு தடவை இருமியது. ராங் நம்பர் என்றது. வைத்துவிட்டது.

மறுநாள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தக் கிளம்புவதற்குள் நாக்பூருக்கு லோடு ஏற்றிப்போன லாரி டிரைவர் அங்கிருந்து கம்பெனிக்குப் போன் செய்தான். பில்லில் இல்லாத பெட்டிகள் ஒரு அடுக்கு வண்டியில் கூடுதலாக இருக்கிறது, எங்கே இறக்க என்று கேட்டான். சீசன் அவசரத்தில் முதலாளியின் மகனே நின்று ஏற்றிய லோடு அது. செல்வத்தை விட்டுவிட்டார்கள். முதலாளி மன்னிப்புக் கேட்கவில்லை. எனக்குச் சொன்ன ஆர்டரையும் தரவில்லை. ஏட்டின் மேல் மைலார்டே அறிக்கை எழுதி அனுப்பினார்.

வெளியே வந்த செல்வத்திடம், அவர்கள் அடித்திருந்தால் என்னடா செய்திருப்பாய் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். "ஒத்துக்கிட்டிருப்பேன் அண்ணாச்சி. வெடியை மட்டுமா, தாஜ்மகாலை எடுத்ததும் நாந்தான்னு சொல்லியிருப்பேன்." சிரித்து முடித்தபிறகும் அவன் கை கன்னத்திலேயே இருந்தது.

எனக்கு மைலார்டு மேல் பொங்கிவந்த பாசத்துக்கு அளவில்லை. பாசம் வந்தால் சிவகாசிக்காரன் என்ன செய்வான், போஸ்டர் அடிப்பான். அவருக்கு மாற்றல் வந்ததும் ஆளுயர போஸ்டர் ஒன்று டிசைன் செய்தேன். ‘கருணைக் கடலே, மனிதநேய மாமலையே’ என்று தலைப்பு. பின்னணியில் ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் மலை, இடையில் இருந்த இடத்தில் புறா. அதைக் காட்ட அவரை அச்சகத்துக்கு வரவழைத்தேன். மிஷின் ஓடுகிற சத்தத்தில் அவர் போஸ்டரை மேலிருந்து கீழ் வரை படித்தார். புறாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

கடலுக்குக் கீழே ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன், உங்கள் மனசிலிருந்து வருகிற வார்த்தையாக அதில் போட வேண்டும் என்றேன். என்ன வார்த்தை என்றார். நானே எடுத்துக் கொடுத்தேன்.

"கோர்ட்டு, கேமரா, ஜட்ஜய்யா ஒண்ணுமே இல்லேன்னு வைங்க சார். அப்பவும் நீங்க செல்வத்து மேல கை வச்சிருக்க மாட்டீகதானே? அதை உங்க வாயால சொல்லுங்க, அம்புட்டுதான்."

அவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"அடிச்சிருப்பேன்."